உங்களுக்குத் தெரியுமா? ஹெட்லைட் பெட்டிமேல் ஒளிந்திருக்கும் எண்கள்!

கார் ஹெட்லைட்டை மாற்றப் போகிறீர்களா? ஒரு நிமிடம்! பர்ஸைத் திறப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். ஒவ்வொன்றும் தேடிப் பிடித்த தகவல்!

ஹெச்4 பல்பு ஒன்றுதான். உள்ளே இழை இரண்டு! ஒன்று டிம்முக்கு, மற்றொன்று பிரைட்டுக்கு. டிம் இழை 55 வாட், பிரைட் இழை 60 வாட். வித்தியாசம் வெறும் 5 வாட்தான். வெளிச்சத்தைப் பாருங்கள்: டிம்முக்கு 1,000 லூமென், பிரைட்டுக்கு 1,650 லூமென். ஐந்தே வாட்டுக்கு 650 லூமென் எகிறுகிறது!

எப்படி? ஃபியூஸ் போன ஹெச்4 பல்பு ஒன்றைக் கண்ணருகே பிடித்துப் பாருங்கள். டிம் இழைக்குக் கீழே ஒரு குட்டி உலோகக் கிண்ணம் தெரியும். விரல் நகத்தைவிடச் சிறியது. கீழ்நோக்கிப் போகிற வெளிச்சத்தை அது அப்படியே மறித்துவிடுகிறது. அதனால் டிம் போட்டால் ரிஃப்ளெக்டரின் மேல்பாதிக்கு மட்டும்தான் வேலை. கீழ்ப்பாதி சும்மா கிடக்கிறது! எதிரே வருகிறவரின் கண் கூசாமல் காப்பாற்றுவது இந்தத் துளித் தகடுதான்!

எல்.இ.டி. ஹெச்4 வாங்கப் போனால் முதலில் தேட வேண்டியது அந்தக் கிண்ணத்தைத்தான். பல மலிவு பல்புகளில் அது இருக்கவே இருக்காது! டிம் போட்டாலும் வெளிச்சம் எதிரே வருகிற லாரி டிரைவரின் முகத்தில்தான் அடிக்கும். கிண்ணம் இல்லையா, பெட்டியை மூடித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்!

ஹெச்4 பிறந்தது 1971-ல். அதற்கு முன்னோடியான ஹெச்1 வந்தது 1962-ல். ஐம்பது வருடம் தாண்டியும் ஹெச்4 இன்னும் நம் கார்களில் எரிகிறது!

எண் கூடினால் வெளிச்சமும் கூடும் என்று நினைக்கிறீர்களா? அதுதான் இல்லை! ஹெச்1-க்கு 1,550 லூமென். ஹெச்7-க்கு 1,500. ஹெச்11-க்கு 1,350. மூன்றுமே 55 வாட். இந்த மூன்றில் எண் ஏற ஏற, வெளிச்சம் இறங்குகிறது!

இன்னொரு ஆச்சரியம். ஹெச்8, ஹெச்9, ஹெச்11 மூன்றும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். அடிப்பாகத்தில் இருக்கும் காதுகளின் வடிவம் மட்டும்தான் மாறும். வெளிச்சமோ? 800, 2,100, 1,350! மாற்றி மாட்டிவிடக் கூடாது என்பதற்காகவே காதுகளை வேறு வேறு மாதிரி வெட்டியிருக்கிறார்கள். அந்தக் காதை அரத்தால் தேய்த்து வலுக்கட்டாயமாக மாட்டுகிறவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம்!

9005 என்று பெட்டியில் போட்டிருந்தால் குழம்ப வேண்டாம். அதுவேதான் ஹெச்.பி.3! 9006 என்றால் ஹெச்.பி.4. ஒரே பல்பு, இரண்டு பெயர்!

ஹெச்4 மாட்டிய காருக்கு ஒரு ஜோடி பல்பு போதும். ஹெச்7-ல் இழை ஒன்றே ஒன்றுதான். டிம்முக்குத் தனி பல்பு, பிரைட்டுக்குத் தனி பல்பு. ஆக, முழுசாக மாற்ற நான்கு பல்பு வேண்டும். விலை கேட்கும்போதே இதையும் கணக்கில் வையுங்கள். பட்ஜெட் இரண்டு மடங்கு!

இப்போது பெரிய புதையலுக்கு வருவோம். லூமென்!

சென்னை ஜி.பி. ரோட்டில் கார் அக்சஸரீஸ் கடை வரிசையில் ஒரு நடை போய்ப் பாருங்கள். எல்.இ.டி. பெட்டிகளில் 12,000 லூமென், 16,000 லூமென், 20,000 லூமென் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். ஓரத்தில் பொடி எழுத்தில் 50 வாட் என்றும் இருக்கும். இரண்டையும் வகுத்துப் பாருங்கள். ஒரு வாட்டுக்கு 400 லூமென்!

அது முடியவே முடியாது! ஒரு வாட் ஒளியிலிருந்து கிடைக்கக்கூடிய உச்சம் 683 லூமென். அதுவும் 555 நானோமீட்டர் பச்சை ஒளிக்கு மட்டும். வெள்ளை ஒளி என்றால் அதில் ஏறக்குறைய பாதிதான் தேறும். மின்சாரம் துளிகூடச் சூடாக மாறாமல், மொத்தமும் ஒளியானால்தான் அந்தப் பாதிகூட! ஆகவே 50 வாட்டில் 20,000 லூமென் தரும் வெள்ளை எல்.இ.டி. இந்தப் பிரபஞ்சத்திலேயே கிடையாது!

காருக்குள் புழுங்கிக்கொண்டு எரியும் எல்.இ.டி. பல்பு ஒரு வாட்டுக்கு 100 லூமெனைத் தொட்டாலே பெரிய விஷயம். 25 வாட் பல்பு என்றால் 2,500 லூமென். அந்த 20,000-ல் எட்டில் ஒரு பங்கு!

அந்த எண் ஒரு பல்புக்கா, ஜோடிக்கா? கட்டாயம் கேளுங்கள்! பெரும்பாலான பெட்டிகளில் இரண்டையும் கூட்டித்தான் அச்சிட்டிருப்பார்கள். எடுத்த எடுப்பிலேயே பாதி போச்சு!

கடையில் போட்டுக் காட்டும்போது பளீரென்றுதான் எரியும். பத்து நிமிடம் எரியவிடச் சொல்லுங்கள். எல்.இ.டி. சூடேறச் சூடேற வெளிச்சம் குறையும். நல்ல பல்பு கொஞ்சம்தான் இறங்கும். மட்டமான பல்பு கண்ணெதிரே மங்கும்!

ஹாலோஜன் பல்பு தன் சூட்டை முன்பக்கம் தள்ளும். எல்.இ.டி. பல்பு பின்பக்கம் தள்ளும்! அதனால்தான் எல்.இ.டி. பல்பின் முதுகில் ஃபேன். அந்த ஃபேன் நீட்டிக்கொண்டிருந்தால் ஹெட்லைட்டின் பின்மூடி மூடாது. மூடி மூடாவிட்டால் ஐப்பசி அடைமழையில் உள்ளே ஆவி பூத்து, கண்ணாடிக்குப் பின்னால் தண்ணீர் கோத்து நிற்கும். வாங்கும்போதே பின்மூடியைப் போட்டுப் பார்த்துவிடுங்கள்!

லூமெனும் லக்ஸும் ஒன்றில்லை! பல்பிலிருந்து வெளியே வரும் மொத்த வெளிச்சம் லூமென். சாலையில் போய் விழுவது லக்ஸ். தூரம் இரண்டு மடங்கானால் லக்ஸ் நாலில் ஒரு பங்கு! 50 மீட்டரில் 8 லக்ஸ் என்றால் 100 மீட்டரில் 2 லக்ஸ்தான். 200 மீட்டரில் அரை லக்ஸ். பௌர்ணமி நிலவே கால் லக்ஸ்தான் தரும்!

ஒரு திசையில் வெளிச்சம் எவ்வளவு உக்கிரம் என்பதுதான் கேண்டெலா. ஐரோப்பிய விதிப்படி ஒரு காரின் பிரைட் லைட்டுகள் எல்லாம் சேர்ந்து 4,30,000 கேண்டெலாவைத் தாண்டக் கூடாது. அந்த உச்சத்தில் ஓடும் கார் 655 மீட்டர் தூரத்தில் ஒரு லக்ஸ் வெளிச்சம் போடும். கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு!

அமெரிக்காவில் பக்கத்துக்கு 75,000, மொத்தம் 1,50,000 கேண்டெலாதான். ஐரோப்பா கிட்டத்தட்ட மூன்று மடங்கு தாராளம்!

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்தது. உங்கள் கார் முன்னால் குத்துக்காலிட்டு உட்காருங்கள். மொபைல் டார்ச்சை ஹெட்லைட் கண்ணாடியின் ஓரத்தில் சாய்த்து அடியுங்கள். பொடிப்பொடியாக எழுத்துகளும் எண்களும் தெரியும். அது உங்கள் ஹெட்லைட்டின் ஜாதகம்! எத்தனையோ பேர் பத்து வருடம் அந்தக் காரைக் கழுவியிருப்பார்கள், ஒருநாளும் படித்திருக்க மாட்டார்கள்!

வட்டத்துக்குள் ஆங்கில ‘இ’ எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கிறதா? அது ஐரோப்பிய விதிப்படி அங்கீகாரம் தந்த நாட்டின் எண். 1 என்றால் ஜெர்மனி. 2 பிரான்ஸ். 3 இத்தாலி. 4 நெதர்லாந்து. 11 பிரிட்டன். 43 ஜப்பான்! கவனம்: தயாரித்த நாடு இல்லை, சோதித்து முத்திரை கொடுத்த நாடு. சீனாவில் செய்த விளக்கில் நெதர்லாந்து எண் இருக்கலாம்!

பக்கத்திலேயே ‘ஹெச்.சி.ஆர்.’ என்று இருக்கும். ‘ஹெச்’ என்றால் ஹாலோஜன். ‘சி’ டிம். ‘ஆர்’ பிரைட். முதல் எழுத்து ‘டி’ என்றால் செனான் மாதிரி டிஸ்சார்ஜ் விளக்கு. ‘ஹெச்’ போட்ட கூட்டுக்குள் செனான் பல்பு எரிகிறதா? யாரோ பிற்பாடு மாற்றியிருக்கிறார்கள்! செகண்ட் ஹேண்ட் கார் வாங்கும்போது இதைவிட எளிய துப்பு கிடைக்காது!

17.5, 20, 25, 37.5 என்று ஏதாவது ஓர் எண்ணும் இருக்கும். அது பிரைட் லைட்டின் உக்கிரத்துக்கான மதிப்பெண். கார் முழுக்க இப்படி இருக்கும் எண்களைக் கூட்டினால் 100-ஐத் தாண்டக் கூடாது. முன்னால் எக்ஸ்ட்ரா டிரைவிங் லைட் மாட்ட ஆசைப்படுகிறவர்கள் முதலில் போட வேண்டிய கணக்கு இது!

அம்புக்குறி இருக்கிறதா? அதுதான் உயிர்! நம் ஊர் போல இடதுபக்கம் வண்டி ஓட்டும் நாடுகளுக்கான விளக்கில், முன்னால் நின்று பார்க்கும் உங்களுக்கு வலதுபக்கம் காட்டும் அம்பு இருக்கும். ஐரோப்பா மாதிரி வலதுபக்கம் ஓட்டும் நாட்டு விளக்கில் அம்பே இருக்காது. இரண்டு பக்கமும் அம்பு இருந்தால் எங்கேயும் ஓட்டலாம்!

டிம் வெளிச்சத்தைச் சுவரில் அடித்துப் பாருங்கள். மேல்கோடு நேராகப் போய், இடது ஓரத்தில் 15 டிகிரி மேலே ஏறும். நடந்து போகிறவர், சைக்கிள்காரர், மைல்கல், பெயர்ப்பலகை எல்லாம் தெரிவதற்கு! அம்பு இல்லாத வெளிநாட்டு விளக்கை ஆசைப்பட்டு மாட்டினால் அந்த ஏற்றம் வலதுபக்கம் போய்விடும். நேராக எதிரே வருகிறவரின் கண்ணுக்கு! ஆன்லைனில் ‘இம்போர்ட்டட்’ ஹெட்லைட் வாங்குகிறவர்கள் தயவுசெய்து படத்தைப் பெரிதாக்கி அம்பைத் தேடுங்கள்!

புரொஜெக்டர் விளக்குக்குள் எல்லாமே தலைகீழ்! முன்னால் இருக்கும் குண்டு லென்ஸ் படத்தைக் கவிழ்த்துத்தான் சாலையில் போடும். அதனால் சாலையில் மேல்பாதி வெளிச்சத்தை வெட்ட, விளக்குக்குள் கீழ்ப்பாதியில் தகடு வைக்கிறார்கள்! கத்தியால் கீறியது போலத் தெரிகிற அந்த வெளிச்சக்கோடு, அந்தத் தகட்டின் விளிம்பின் நிழல்தான்!

‘பை-செனான்’, ‘பை-எல்.இ.டி.’ என்று விற்கிறார்களே, அதில் அந்தத் தகடு அசையும். பிரைட் போட்டதும் ஒரு சின்ன மின்காந்தம் தகட்டைச் சடாரென்று விலக்கும். பக்கத்தில் நின்று காது கொடுத்தால் ‘டக்’ என்று சத்தம் கேட்கும்!

செனான் பல்பில் இழையே கிடையாது! இரண்டு முனைகளுக்கு நடுவில் வில் மாதிரி மின்பொறி பாய்கிறது. அதைப் பற்றவைக்க 20,000 வோல்ட்டுக்கு மேல் வேண்டும்! பற்றிய பிறகு 85 வோல்ட் போதும். 35 வாட்டில் டி2எஸ் பல்பு 3,200 லூமென் தருகிறது. 55 வாட் ஹெச்7 தருவதைவிட இரண்டு மடங்குக்கும் மேல்!

இதை முதலில் சாலைக்குக் கொண்டுவந்தது 1991-ல் பி.எம்.டபிள்யூ. 7 சீரிஸ்!

டி1, டி2 பல்புகளில் பாதரசம் உண்டு. டி3, டி4-ல் கிடையாது. வோல்ட்டும் பாதி, 42-தான்! டி1, டி3 என்றால் பற்றவைக்கும் கருவி பல்போடு ஒட்டியே வரும். டி2, டி4 என்றால் தனி. கடைசி எழுத்து ‘எஸ்’ என்றால் புரொஜெக்டருக்கு, ‘ஆர்’ என்றால் ரிஃப்ளெக்டருக்கு. ஓர் எண், ஓர் எழுத்து, இவ்வளவு சேதி!

ஐரோப்பாவில் டிம் விளக்கு 2,000 லூமெனைத் தாண்டினால் ஹெட்லைட் கழுவும் பீச்சுக்குழாய் கட்டாயம். சுமைக்கேற்ப தானே குனிந்து நிமிரும் அமைப்பும் கட்டாயம். இன்ஜினியர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? 25 வாட்டில் புதுச் செனான் பல்பு கொண்டுவந்தார்கள். அதன் வெளிச்சம்? அச்சு அசலாக 2,000 லூமென்!

பெட்டியில் ‘செனான் ஒயிட்’ என்று இருக்கிறதா? கூடவே செனானுக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் பலாஸ்ட் டப்பா வந்ததா? வரவில்லை என்றால் அது செனான் விளக்கு இல்லை. அசல் ஹாலோஜன்தான். இதைவிடச் சுருக்கமான சோதனை இல்லை!

கெல்வின் கூடினால் வெளிச்சம் கூடாது! நிறம்தான் மாறும். மெழுகுவத்தி 1,900 கெல்வின். ஹாலோஜன் 3,200. தொழிற்சாலையிலிருந்து வரும் செனான் 4,300. நண்பகல் வெயில் 5,500-ஐ ஒட்டி. 8,000 என்று போட்ட பல்பு நீலம் பூத்துக் கிடக்கும்!

‘6,000 கெல்வின் ஹாலோஜன்’ என்று விற்கிறார்களே, ஹாலோஜன் இழை டங்ஸ்டன். டங்ஸ்டன் 3,695 கெல்வினிலேயே உருகிவிடும்! அப்புறம் எப்படி 6,000 வந்தது? கண்ணாடிமேல் நீலச் சாயம்! அந்தச் சாயம் மஞ்சளையும் சிவப்பையும் விழுங்கிவிடுகிறது. அதாவது கூடுதலாகப் பணம் கொடுத்து, குறைவாக வெளிச்சம் வாங்குகிறீர்கள்!

இன்னொன்றையும் யோசியுங்கள். எரியும் ஹாலோஜன் இழையின் சூடு கிட்டத்தட்ட 2,900 டிகிரி செல்சியஸ். உருகுவதற்கு இன்னும் 500 டிகிரி சொச்சம்தான் பாக்கி! ஒவ்வோர் இரவும் உங்கள் கார் அந்த விளிம்பில்தான் ஓடுகிறது!

அந்த இழையிலிருந்து ஆவியாகும் டங்ஸ்டனை, உள்ளே இருக்கும் அயோடின் அல்லது புரோமின் பிடித்துக்கொண்டு போய் மறுபடி இழையிலேயே சேர்க்கிறது. அதற்குக் கண்ணாடியே 250 டிகிரிக்கு மேல் கொதிக்க வேண்டும். அதனால்தான் சாதாரணக் கண்ணாடி இல்லை, குவார்ட்ஸ்! விரல் பட்டு வியர்வையும் எண்ணெய்ப் பிசுக்கும் ஒட்டினால் அந்த இடத்தில் குவார்ட்ஸ் வெளுத்துப் பலவீனமாகும். மெக்கானிக் வெறும் கையால் கண்ணாடியைப் பிடித்தால் உடனே தடுங்கள்!

பிரான்ஸில் 1936 முதல் 1993 வரை கார்களுக்கு மஞ்சள் ஹெட்லைட்தான் சட்டம். 57 வருடம்!

‘130 சதவீதம் கூடுதல் வெளிச்சம்’ என்று பெட்டி கூவுகிறதா? ஹெச்7-க்கு விதித்த அளவு 1,500 லூமென். கூடக்குறைய 10 சதவீதம்தான் அனுமதி. எவ்வளவு விலை கொடுத்தாலும் 1,650-ஐத் தாண்ட முடியாது! அப்படியானால் அந்த 130? சட்டம் கேட்கும் குறைந்தபட்சத்தோடு, சாலையில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் ஒப்பிட்ட கணக்கு. இழையை நெருக்கிச் சுற்றி வெளிச்சத்தை அந்த இடத்தில் குவிக்கிறார்கள். அதற்கு விலையாகப் பல்பின் ஆயுள் குறைகிறது!

அடுத்த தகவலுக்காகவே இந்தப் பக்கத்தைக் கத்தரித்து வைத்துக்கொள்ளலாம். ஹாலோஜன் பல்புக்கு 10 சதவீத வோல்ட் குறைந்தால், வெளிச்சம் எவ்வளவு குறையும்? பத்தா? இல்லவே இல்லை. சுமார் 30 சதவீதம்! வெறும் 5 சதவீத வோல்ட் குறைந்தாலே 16 சதவீத வெளிச்சம் காலி!

பழைய கார்களில் பேட்டரியிலிருந்து டாஷ்போர்டு சுவிட்சுக்குப் போய், அங்கிருந்து திரும்பி ஹெட்லைட்டுக்கு வரும் மெல்லிய ஒயரில்தான் அந்த வோல்ட் கரைகிறது. ‘ரிலே கிட்’ என்று கேட்டு வாங்குங்கள். பேட்டரியிலிருந்து நேரடித் தடித்த ஒயர். சுவிட்ச் ரிலேயை மட்டும் தட்டிவிடும். பல்பை மாற்றவே இல்லை, வெளிச்சம் மட்டும் ஏறும்! ‘அப்கிரேடு’ என்று சொல்லி விற்கும் அத்தனையிலும் இதற்குத்தான் என் ஓட்டு!

அதே வோல்ட் 5 சதவீதம் கூடினால்? பல்பின் ஆயுள் கிட்டத்தட்டப் பாதி!

100/90 வாட் பல்பு மாட்டியிருக்கிறீர்களா? பிரைட் போட்டால் இரண்டு பல்பும் சேர்ந்து 16 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். தொழிற்சாலை ஒயர் 60 வாட்டுக்குப் போட்டது! ஹோல்டரைக் கழற்றி முகர்ந்து பாருங்கள். பிளாஸ்டிக் பழுப்பேறி, ஓரம் சுருங்கி, தீய்ந்த வாடை வந்தால் அந்தப் பல்பை அன்றைக்கே கழற்றிவிடுங்கள். காத்திருக்கவே வேண்டாம்!

‘கேன்பஸ்’ என்றால் என்ன? பல்பு எரிகிறதா என்று காரின் கம்ப்யூட்டர் மின்சாரத்தை அளந்து பார்க்கும். 55 வாட் இழுக்க வேண்டிய இடத்தில் 25 வாட் எல்.இ.டி. இழுத்தால், பல்பு ஃபியூஸ் போய்விட்டது என்று டாஷ்போர்டில் எச்சரிக்கை போடும்! அதை ஏமாற்ற ஒரு ரெசிஸ்டர் மாட்டுகிறார்கள். எல்.இ.டி. மிச்சப்படுத்திய மின்சாரத்தை அந்த ரெசிஸ்டர் சூடாக்கித் தீர்த்துவிடும். மிச்சம் பூஜ்யம்!

பெட்டியில் ஐ.பி.67 என்று இருக்கிறதா? 6 என்றால் தூசி துளியும் நுழையாது. 7 என்றால் ஒரு மீட்டர் தண்ணீரில் 30 நிமிடம் மூழ்கிக் கிடக்கலாம்! ஆனால் 7 வாங்கியதாலேயே சர்வீஸ் ஸ்டேஷன் பீச்சலைத் தாங்கும் என்று அர்த்தமில்லை. அதற்கு 6கே9கே என்ற தனி மதிப்பு. 80 டிகிரி வெந்நீர், 80 முதல் 100 பார் அழுத்தம்!

பகலில் எரியும் டி.ஆர்.எல். விளக்கு எரிந்தால் பின்விளக்கும் எரியும் என்று நம்புகிறீர்களா? பெரும்பாலான கார்களில் எரியாது! அந்திநேரத்தில் முன்னால் பளபளவென்று போகும் கார், பின்னால் இருட்டு. ஹெட்லைட் சுவிட்சைத் தட்டியே ஆக வேண்டும்!

இந்தியாவில் 2017 ஏப்ரல் 1 முதல் புது டூவீலர்களில் ஹெட்லைட்டை அணைக்கவே முடியாது. அப்போது பட்டப்பகலில் எதிரே வந்தவர்கள் எல்லாம் விரல்களை மடக்கி விரித்து ‘லைட் எரியுது’ என்று சைகை காட்டிக்கொண்டே போனார்கள். ஊர் முழுக்க எத்தனை நல்ல மனசு!

ஹெட்லைட்டைச் சுற்றி எரியும் ‘ஏஞ்சல் ஐ’ வளையம் முதலில் எரிந்தது 2000-ல், பி.எம்.டபிள்யூ. 5 சீரிஸில். முழுக்க முழுக்க எல்.இ.டி.யில் ஓடிய முதல் ஹெட்லைட் ஆடி ஆர்8-ல், 2008-ல்!

‘மேட்ரிக்ஸ்’ என்றால்? எதிரே ஒரு கார் வந்தால் அந்தக் கார் இருக்கும் இடத்தை மட்டும் இருட்டாக்கிவிட்டு, மிச்ச சாலை முழுக்கப் பிரைட்டிலேயே எரியும்! 2013-ல் ஆடி ஏ8 இதைக் கொண்டுவந்தபோது ஒரு ஹெட்லைட்டில் 25 எல்.இ.டி. பிறகு வந்த மெர்சிடிஸின் டிஜிட்டல் லைட்டில் ஒரு ஹெட்லைட்டுக்குள் நுண்கண்ணாடிகள் எத்தனை தெரியுமா? 13 லட்சம்!

லேசர் ஹெட்லைட்டிலிருந்து லேசர் வெளியே வருவதே இல்லை! நீல லேசர் உள்ளேயே ஒரு பாஸ்பர் துண்டில் பட்டு வெள்ளை ஒளியாக மாறித்தான் வெளியே வரும். 2014-ல் வந்த பி.எம்.டபிள்யூ. ஐ8-ல் அதன் வீச்சு 600 மீட்டர்!

கூட்டோடு மாற்றாமல் ஹாலோஜன் ஹோல்டரில் எல்.இ.டி. பல்பைச் செருகுவது ஜெர்மனியில் நெடுநாள் சட்டவிரோதம். 2020-ல்தான் ஆஸ்ராமின் ஒரு ஹெச்7 எல்.இ.டி. பல்புக்கு முதல் அனுமதி கிடைத்தது. அதுவும் எல்லாக் கார்களுக்கும் இல்லை. சோதித்துப் பார்த்த மாடல்களுக்கு மட்டும், பட்டியல் போட்டு!

நம் சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாமல் வாகனத்தை மாற்றினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்!

1989-ம் வருட மத்திய மோட்டார் வாகன விதி இன்னும் துல்லியம். விளக்கிலிருந்து 8 மீட்டர் தள்ளி, அரை மீட்டர் வலதுபுறம், ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணை ஹெட்லைட் கூசவைக்கக் கூடாது. அந்தக் காலத்தில் ஹெட்லைட் நடுவில் கறுப்புப் பொட்டு ஒட்டினார்களே, கண் கூச்சத்தோடு நம் ஊர் நடத்திய பழைய போராட்டம் அது!

ஹெட்லைட் கண்ணாடி மஞ்சளாகிவிட்டதா? அது கண்ணாடியே இல்லை, பாலிகார்பனேட்! மேலே வெயிலைத் தாங்கும் மெல்லிய பூச்சு ஒன்று உண்டு. டூத்பேஸ்ட் போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகும். உண்மைதான். ஆனால் மிச்சமிருந்த பூச்சும் அதோடு போச்சு! தேய்த்த பிறகு புதுப் பூச்சு அடிக்காவிட்டால் மறுபடி மஞ்சள் ஏறும். பாலிஷ் போடுகிறவரிடம் ‘யு.வி. கோட்டிங் உண்டா?’ என்று முதல் கேள்வியாகக் கேளுங்கள்!

கடைசியாக, காசே செலவில்லாத ஒரு கண்டுபிடிப்பு! ஸ்டீயரிங் பக்கத்தில் 0, 1, 2, 3 என்று ஒரு குட்டிச் சக்கரம் இருக்கிறதா? எண்ணைக் கூட்டினால் வெளிச்சம் கூடும் என்று 3-ல் வைத்திருக்கிறவர்கள் ஏராளம். உண்மை நேர்மாறு! அது வெளிச்சத்தைக் கீழே இறக்கும் சக்கரம். 0-தான் உச்சம். டிக்கி நிறைய மூட்டை ஏற்றி, பின்பக்கம் அமுங்கி, மூக்கு தூக்கி நிற்கும் காருக்குத்தான் 3!

ஹெட்லைட் அருகே 1.0% என்று ஒரு முத்திரை இருக்கும். 10 மீட்டருக்கு 10 சென்டிமீட்டர் வெளிச்சம் இறங்க வேண்டும் என்று அர்த்தம். விளக்கு 65 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் டிம் வெளிச்சம் 65 மீட்டரில் தரையைத் தொடும். 100 கிலோமீட்டர் வேகத்தில் அந்த 65 மீட்டரைக் கடக்க எவ்வளவு நேரம் தெரியுமா? 2.3 விநாடி! விளக்கு இன்னும் ஒரே ஒரு சதவீதம் கூடுதலாகக் குனிந்துவிட்டால் 32 மீட்டர். ஒரு விநாடி சொச்சம்!

சமதளத்தில் காரை நிறுத்தி, சுவரிலிருந்து 10 மீட்டரை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். டிரைவர் சீட்டில் ஒருவர் உட்காரட்டும். சக்கரம் 0-ல் இருக்கட்டும். விளக்கின் நடுப்புள்ளி உயரத்தைச் சுவரில் சாக்பீஸால் குறியுங்கள். டிம் போடுங்கள். வெளிச்சத்தின் மேல்கோடு அந்தக் குறிக்கு 10 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். விழவில்லையா? ஹெட்லைட்டின் பின்னால் ஒரு ஸ்க்ரூ இருக்கும். திருகுங்கள்!